உள்ளே போக மறுக்கும் தோட்டா!

1915-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். பெல்ஜியம் நாட்டில் ஈப்பர் என்னும் ஊர். முதல் உலகப்போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

22-ந் தேதி மாலை ஜெர்மானியர் பக்கத்தில் இருந்து பச்சையும் மஞ்சளும் கலந்த புகை எழுந்தது. தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. அது சாதாரணப் புகை அல்ல. குளோரின் என்னும் விஷக்காற்று!

பிரெஞ்சுப் படை நின்ற இடத்தில் அது பாய்ந்தது. அவர்கள் நிலைகுலைந்து போனார்கள். பக்கத்தில் நின்ற கனடா நாட்டு வீரர்கள் ஓடி வந்து அந்த இடைவெளியை அடைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர்கள் மீதும் விஷக்காற்று ஏவப்பட்டது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு எதிர்த்து நின்றார்கள்.

எதிரி நெருங்கி வருகிறான். கையில் துப்பாக்கி இருக்கிறது. தோட்டாவும் இருக்கிறது. ஆனால், துப்பாக்கி வேலை செய்யவில்லை!

சில ரவுண்டு சுட்டதும் உள்ளே இருந்த தோட்டா சிக்கிக்கொண்டது. அதை வெளியே இழுக்கும் "போல்ட்" என்ற இரும்புத் தண்டு அசைய மறுத்தது. வீரர்கள் மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். பூட்ஸ் காலால் உதைத்தார்கள். உதைத்து உதைத்து ஒரு தோட்டாவை எடுத்து, அடுத்ததைப் போடுவதற்குள் எதிரி இன்னும் நெருங்கிவிட்டான்.

சண்டை முடிந்து கணக்குப் பார்த்தபோது, உயிர் பிழைத்த சுமார் 5 ஆயிரம் பேரில் 1,400 பேருக்கு மேல் தங்கள் துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டிருந்தார்கள். இறந்துபோன பிரிட்டிஷ் வீரர்களின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

காரணம் என்ன?

மயிரிழை வித்தியாசம்

கனடாக்காரர்கள் வைத்திருந்த துப்பாக்கிக்கு "ராஸ்" ரைபிள் என்று பெயர். சர் சார்லஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அமைத்தது. குறி தவறாது. அதில் குறை சொல்ல முடியாது. பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்தது "லீ என்பீல்டு". நம் ஊரில் போலீஸ்காரர்கள் தோளில் பல காலம் தொங்கிய "த்ரீ நாட் த்ரீ" துப்பாக்கி அதுதான். உத்தரப்பிரதேச போலீசார் 2020-ம் ஆண்டு குடியரசு தினத்தன்றுதான் அதற்கு விடை கொடுத்தார்கள்.

இரண்டு துப்பாக்கிக்கும் தோட்டா ஒன்றே. ஆனால், தோட்டா உட்காரும் அறை ஒன்றல்ல.

ராஸ் துப்பாக்கியின் அறை இறுக்கமானது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. லீ என்பீல்டின் அறை கொஞ்சம் தொளதொளப்பானது. போர்க்காலத்தில் அவசர அவசரமாகச் செய்த தோட்டாக்கள் எல்லாம் ஒரே அளவாக இல்லை. சில மயிரிழை பருமனாக இருந்தன. என்பீல்டு அவற்றை ஏற்றுக்கொண்டது. ராஸ் ஏற்கவில்லை. சேறும் சேர்ந்துகொண்டது. சுட்டுச் சுட்டுக் குழல் சூடானதும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. பிறகு ராஸ் துப்பாக்கிகளின் அறையைக் கடைந்து பெரிதாக்கினார்கள். ஆனாலும் வீரர்களுக்கு அதன் மீது போன நம்பிக்கை திரும்பவில்லை. 1916-ம் ஆண்டில் அது போர்முனையில் இருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டது.

அவசரத்தில் செய்த தோட்டாவே இப்படி என்றால், வீட்டு மேஜையில் ஒவ்வொன்றாகக் கையால் செய்யும் தோட்டா எப்படி இருக்கும்?

அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்களும், குறி பார்த்துச் சுடும் பந்தயக்காரர்களும் தங்கள் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். செலவு குறையும்; குறியும் நன்றாக விழும் என்பது அவர்கள் கணக்கு. அப்படிச் செய்கிறவர்களை ஓயாமல் வாட்டும் தொல்லை ஒன்று உண்டு. செய்து முடித்த தோட்டா துப்பாக்கிக்குள் போக மறுக்கிறது!

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. பித்தளைக் கூடு ஒன்று. கூட்டின் அடியில் பதித்த சிறு கேப் ஒன்று. தீபாவளிக் கேப் போலத்தான். அடித்தால் பொறி பறக்கும். கூட்டுக்குள் வெடிமருந்து. கூட்டின் வாயில் செருகிய குண்டு.

ரைபிள் தோட்டாவின் வடிவம் பார்ப்பதற்குச் சிறு புட்டி மாதிரி இருக்கும். உடல் பருமன், மேலே கழுத்து சிறுத்திருக்கும். உடலும் கழுத்தும் சேரும் சரிவுக்குத் "தோள்" என்று பெயர். இந்தத் தோளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தொல்லையில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

துப்பாக்கியைச் சுட்டதும் உள்ளே மருந்து எரிந்து வாயு ஆகிறது. வாயு நாலா பக்கமும் தள்ளுகிறது. பித்தளைக் கூடு பலூன் போல விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டுவதால்தான் வாயு பின்பக்கம் கசிந்து, சுடுகிறவர் முகத்தில் அடிப்பதில்லை. அழுத்தம் குறைந்ததும் பித்தளை லேசாகச் சுருங்கும். ஆனால், பழைய அளவுக்குத் திரும்பாது.

ஒருமுறை விரிந்த கூட்டை மறுபடி பயன்படுத்த வேண்டுமானால், அதைப் பழைய அளவுக்கு இறுக்க வேண்டும். இதற்கு எஃகினால் ஆன "டை" என்னும் அச்சு இருக்கிறது. கூட்டுக்கு மேலே லேசாக எண்ணெய்ப் பசை தடவி, அச்சுக்குள் செலுத்தி, நெம்புகோலால் அழுத்துவார்கள். எண்ணெய் தடவ மறந்தால் கூடு அச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை எடுப்பதற்குள் அன்றைய பொழுது போய்விடும்!

பிறகு புதிய கேப் பதித்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகுவார்கள். மருந்தை நிறுக்கும் எடைக்கு "கிரெய்ன்" என்று பெயர். ஒரு ராத்தலுக்கு 7 ஆயிரம் கிரெய்ன். தங்கம் நிறுப்பதைவிடக் கவனமாக நிறுக்க வேண்டிய வேலை இது.

எங்கே இடிக்கிறது?

இவ்வளவும் செய்தாயிற்று. தோட்டாவைத் துப்பாக்கிக்குள் வைத்து போல்ட்டைத் தள்ளினால் பாதி வழியில் நிற்கிறது. அல்லது முக்கால்வாசி போய், கடைசித் திருப்பு திரும்ப மறுக்கிறது.

அனுபவம் இல்லாதவர் என்ன செய்வார்? உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். இதைப்போல ஆபத்தான காரியம் வேறு இல்லை. வளையல் கையில் ஏறாவிட்டால் வளையல்காரர் சோப்பு நுரை தடவி ஏற்றிவிடலாம். தவறினால் உடைவது வளையல்தான். இங்கே உடைவது கண்ணும் கையுமாக இருக்கலாம்.

அனுபவசாலி வேறு விதமாகச் செய்வார். தோட்டாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மருந்தும் கேப்பும் இல்லாத வெறும் கூடு ஒன்றை எடுப்பார். அச்சில் இறுக்கிய கூடு அது, குண்டு செருகவில்லை. அதை அறைக்குள் விட்டுப் பார்ப்பார்.

வெறும் கூடே போகவில்லையா? குற்றம் கூட்டில். வெறும் கூடு சுலபமாகப் போய், குண்டு செருகிய பின் போகவில்லையா? குற்றம் குண்டில், அல்லது அதைச் செருகிய விதத்தில். இந்த ஒரு சோதனையிலேயே பாதி மர்மம் துலங்கிவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. விளக்குச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைப்பார்கள். அல்லது கறுப்பு மை பூசுவார்கள். நம் வீட்டுக் கண்மை இருந்தாலும் போதும். மை பூசிய வெறும் கூட்டை அறைக்குள் மெல்லச் செலுத்தி வெளியே எடுத்தால், இடிக்கிற இடத்தில் மட்டும் மை அழிந்து பித்தளை பளிச்சிடும். திருடன் கைரேகை கிடைத்த மாதிரிதான்!

மை தோளில் அழிந்திருந்தால், அச்சில் கூட்டைப் போதிய அளவு அழுத்தவில்லை என்று அர்த்தம். தோள் முன்னால் நிற்கிறது. அச்சைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். எவ்வளவு? ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு. தலைமயிரின் பருமன்கூட அதற்கு மேல் இருக்கும்!

சிலர் கழுத்தை மட்டும் இறுக்கி, தோளைத் தொடாமல் விட்டுவிடுவது உண்டு. முதல் இரண்டு மூன்று தடவை அது சரியாக வரும். பிறகு கூடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, ஒருநாள் போல்ட் இறுகும். இன்னொருவர் துப்பாக்கியில் சுட்ட கூட்டை வாங்கி வந்தாலும் இதே கதைதான். அந்த அறை பெரியது. இந்த அறை சிறியது.

அப்படியானால் நன்றாக அழுத்திவிட்டால் போகிறது என்று நினைக்கக் கூடாது. அது இதைவிட மோசம். தோளை அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளினால் தோட்டா அறைக்குள் ஆடும். சுடும்போது கூடு முன்னும் பின்னுமாக இழுபடும். நாலைந்து தடவையில் அடிப்பக்கம் மெலிந்து இரண்டாகப் பிளந்துவிடும். த்ரீ நாட் த்ரீ தோட்டாவை மறுபடி நிரப்புகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். போர்முனையில் வீரனைக் காப்பாற்றிய அந்தத் தொளதொளப்பான அறை, பித்தளைக் கூட்டின் ஆயுளைக் குறைத்துவிடுகிறது.

வளரும் பித்தளை

மை கூட்டின் வாய் ஓரத்தில் அழிந்திருந்தால் விஷயம் இன்னும் கடுமையானது.

ஒவ்வொரு தடவை சுடும்போதும், இறுக்கும்போதும் பித்தளை முன்பக்கமாக நகர்கிறது. பற்பசைக் குழாயைப் பின்னால் அழுத்தினால் முன்னால் வருகிறதே, அதுபோல. கழுத்து நீண்டுகொண்டே போகும். அமெரிக்காவில் பெயர்பெற்ற "தர்ட்டி நாட் சிக்ஸ்" தோட்டாவின் கூடு 2.494 அங்குல நீளத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் 2.484 அங்குலத்துக்கு வெட்டிவிட வேண்டும். வித்தியாசம் ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்குதான்!

வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? நீண்ட கழுத்து அறையின் முனையில் முட்டும். போல்ட்டைப் பலமாகத் தள்ளினால் கூட்டின் வாய் உள்பக்கம் மடிந்து, குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். சுடும்போது குண்டு வெளியேற வழியில்லை. வாயுவின் அழுத்தம் திடீரென்று எகிறும். துப்பாக்கியே சிதறலாம்.

வெளியில் இருந்து பார்த்தால் தோட்டா அழகாகத்தான் இருக்கும். அளந்து பார்த்தவருக்கு மட்டுமே அது எமன் என்பது தெரியும்.

குண்டினால் வரும் தொல்லை வேறு வகை. துப்பாக்கிக் குழலின் உள்ளே சுருள் சுருளாக மேடும் பள்ளமும் இருக்கும். குண்டைக் கூட்டுக்குள் போதிய ஆழம் செருகாவிட்டால், அதன் மூக்கு இந்த மேட்டில் போய் இடிக்கும். முழுத் தோட்டாவின் நீளம் சரியாக இருந்தாலும் இது நேரலாம். குண்டுகள் எல்லாம் ஒரே வடிவம் அல்ல. சில ஊசி மூக்கு. சில பருத்த மூக்கு. பருத்த மூக்கு முன்னதாகவே இடிக்கும். இறுகிய தோட்டாவை வெளியே இழுத்தால் குண்டு குழலிலேயே நின்றுவிடும், மருந்து கொட்டும், வெறும் கூடு மட்டும் கையோடு வரும். அதைக் கவனிக்காமல் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டவர் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சில்லறைக் காரணங்களும் உண்டு. கூட்டின் வாயை அளவுக்கு மீறி நெரித்தால் தோள் புடைத்துக்கொள்ளும். கேப் முழுவதும் பதியாமல் துருத்திக்கொண்டிருக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் அறையில் கரி அடைந்திருக்கும். துடைத்தால் தீர்ந்தது.

பெருங்குடி டர்னருக்குத் தெரிந்த கணக்கு

ஆயிரத்தில் ஒரு பங்கு என்றதும் மலைப்பாக இருக்கலாம். ஆனால், லேத் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு இது தினசரிப் பேச்சு. சென்னையின் தென்கோடியில், பெருங்குடித் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு டர்னரைக் கேட்டால், "கோ, நோ கோ" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்.

"கோ" என்றால் போ. "நோ கோ" என்றால் போகாதே. இரும்பில் துளை போட்டதும் அவர் ஒரு கேஜை எடுத்து நுழைத்துப் பார்க்கிறார். ஒரு முனை உள்ளே போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. இரண்டும் போனால் துளை பெரிது. இரண்டும் போகாவிட்டால் துளை சிறிது. ஒன்று போய், ஒன்று நின்றால் வேலை சுத்தம்.

துப்பாக்கி அறையைச் சோதிப்பதும் இதே முறையில்தான். "கோ" கேஜை வைத்தால் போல்ட் மூட வேண்டும். "நோ கோ" கேஜை வைத்தால் மூடக் கூடாது. துப்பாக்கி செய்கிறவரும், பம்புக்குப் புஷ் கடைகிறவரும் படித்த பாடம் ஒன்றுதான்.

கொழுப்பு தடவியது ஏன்?

தோட்டா உள்ளே போகாத தொல்லை இந்திய நாட்டுக்குப் புதியதும் அல்ல. 1857-ம் ஆண்டுப் புரட்சியைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு, பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்ற செய்தி நினைவிருக்கும். கொழுப்பை ஏன் தடவினார்கள் என்று பாடப்புத்தகம் அதிகம் சொல்வதில்லை.

அப்போது வந்த புதிய என்பீல்டு துப்பாக்கிக்குப் பின்பக்க அறை கிடையாது. குழலின் வாய் வழியாகவே மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். தோட்டா என்பது கையால் சுருட்டிய காகிதப் பொட்டலம். முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்டுவார்கள். பிறகு குண்டைக் காகிதத்தோடு உள்ளே தள்ளுவார்கள். குழலின் துளை 577. குண்டின் பருமன் 568. இரண்டும் அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு. இடைவெளி வெறும் 9 பங்கு. அதற்குள் காகிதமும் அடங்க வேண்டும். வழுக்கி இறங்குவதற்காகத்தான் மெழுகும் கொழுப்பும்!

அந்தக் கொழுப்பு எந்தப் பிராணியுடையது என்ற கேள்வி ஜனவரியில் டம்டம்மில் கிளம்பியது. மே 10-ந் தேதி மீரட்டில் தீயாக எரிந்தது. அதற்குப் பின்னால் வெள்ளையர் ஆட்சியின் அநீதிகள் எத்தனையோ இருந்தன; தோட்டா ஒரு பொறிதான்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை கொழுப்பு தடவியும் குண்டு சரியாக இறங்கவில்லை. நம் நாட்டு வெயிலில் பசை உருகிப்போகும். பத்துப் பதினைந்து குண்டு சுட்டதும் கரி அடைத்துக்கொள்ளும். கடைசியில் குண்டின் பருமனை 568-ல் இருந்து 550 ஆகக் குறைத்தார்கள். அதன் பிறகுதான் குண்டு தாராளமாக இறங்கியது.

வெயிலும் ஈரமும்

வெயிலின் விளையாட்டு அதோடு நிற்கவில்லை. பிறகு வந்த "கார்டைட்" என்ற புகையில்லா மருந்து, சூட்டில் அதிக வேகத்தோடு எரியும். பார்ப்பதற்குச் சேமியா மாதிரி இழை இழையாக இருக்கும் மருந்து அது. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில், அரவங்காட்டில் 1904-ம் ஆண்டில் ஏற்பட்ட தொழிற்சாலைக்கு அந்த மருந்தின் பெயரையே வைத்தார்கள். இங்கிலாந்தின் குளிரில் சரியாக இருந்த தோட்டா, சித்திரை வெயிலில் அழுத்தம் கூடி, கூடு அறையோடு ஒட்டிக்கொள்ளும். சூடான தூக்குச்சட்டி மூடி திறக்க வராத மாதிரி. ஆகவே வெப்ப நாடுகளுக்கு என்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டா செய்தார்கள்.

பறவை வேட்டைக்கு உதவிய அட்டைத் தோட்டாவுக்குச் சத்துரு ஈரம். ஐப்பசி மழையில் அட்டை ஊறி உப்பினால் துப்பாக்கிக்குள் நுழையாது. அதனால் பித்தளையாலேயே முழுக் கூடு செய்து விற்றார்கள். அந்த வேட்டையும் இப்போது இல்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பெருங்குடியை ஒட்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வரும் வாத்தையும் உள்ளானையும் பைனாகுலரால் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் வீட்டுக்கொட்டகையில் செய்கிறார்களே, இங்கேயும் செய்யலாமா?

கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பது குற்றம். 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பின் தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருப்பதால் தோட்டா செய்யவும் உரிமை உண்டு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

ரைபிள் கிளப்புகளில் பயிற்சி பெறும் மாணவ மாணவிகள் பெரும்பாலும் காற்றுத் துப்பாக்கியிலும், "பாயிண்ட் டூ டூ" ரைபிளிலும் சுடுகிறார்கள். காற்றுத் துப்பாக்கிக்கு மருந்தே கிடையாது. பாயிண்ட் டூ டூ தோட்டாவில் தனிக் கேப் இல்லை. பொறி கிளப்பும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், மறுபடி நிரப்புவதற்கில்லை.

கடையில் வாங்கிய தோட்டாவும் சில சமயம் உள்ளே போக மறுக்கும். அழுக்கு இருக்கலாம். பெட்டி கீழே விழுந்து குண்டு சாய்ந்திருக்கலாம். அப்போது துப்பாக்கியின் வாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, விரலை விசையில் இருந்து எடுத்துவிட்டு, கையைத் தூக்க வேண்டும். களத்து அதிகாரி வந்து பார்ப்பார். அந்தத் தோட்டாவைத் தனியாக வைத்துவிட்டு, அடுத்ததை எடுப்பார்கள்.